ஆபரேஷன் முடிஞ்சு வெடவெடன்னு நடுங்கறதை 'சகஜம்'னு விட்டுறாதீங்க

மயக்க மருந்து பத்தி போன தடவை எழுதுனதுக்கு அப்பறம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல குளுரைப் பத்தித்தான் இருக்குதுங்க. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம்னு நம்ம எல்லைப் பக்கத்து ஊருங்கள்ல இருந்துதான் நெம்ப வந்திருக்குது, அதனால இந்தத் தடவை வேற எதுக்கும் போகாம இது ஒண்ணையே எடுத்துக்கறேன். பெரியவங்களுக்கு நடக்கற ஆபரேஷனைப் பத்தி மட்டுந்தான் இங்க பேசறேன், பச்சைக் குழந்தைங்க கணக்கு வேற.

டாக்டரம்மா, எங்கம்மாவுக்கு 58 வயசு. கர்ப்பப்பை எடுக்கற ஆபரேஷன், முழு மயக்கம் கொடுத்து மூணு மணி நேரம் ஆச்சு. வெளிய கொண்டுவந்தப்போ பல்லு கடகடன்னு அடிச்சுக்குது, கட்டிலே ஆடுது. ஃபிட்ஸ் வந்துருச்சுன்னு எங்கண்ணன் கத்திட்டான். அங்கிருந்த சேச்சி 'மயக்க மருந்துக்கு இப்படித்தான், சகஜம்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நெசமாலுமே சகஜந்தானுங்களா? மார்கழி மாசமா இருந்ததால அப்படி ஆச்சா?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

ஃபிட்ஸ் இல்லீங்க அம்மிணி. ஃபிட்ஸா இருந்தா பேரைச் சொல்லிக் கூப்புட்டா பதில் வராது, உங்கம்மா அந்த நடுக்கத்துலயும் 'குளுருது, போர்த்தி விடு'ன்னு சொல்லியிருப்பாங்க, சொன்னாங்கதானே? அது உடம்பு தன்னோட சூட்டைத் திருப்பிச் சம்பாதிக்கறதுக்காகப் படற பாடு. மார்கழிக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இல்லை, சித்திரை வெயில்ல ஆபரேஷன் பண்ணுனாலும் இதே நடுக்கம் வரும், ஏன்னா வெளிய என்ன மாசமா இருந்தாலும் தியேட்டருக்குள்ள ஒரே மாசந்தான்.

என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பொறுமையாச் சொல்றேன், இது புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் தானாப் புரியும். நம்ம உடம்புல நெஞ்சு, வயிறு, மூளை இருக்கற நடுப்பகுதி எப்பவும் 37 டிகிரியை ஒட்டியே இருக்கும், நம்ம வீட்டு தெர்மாமீட்டர் கணக்குல 98.6. கைகாலு, தோலெல்லாம் அதைவிட ரெண்டு மூணு டிகிரி கம்மியாத்தான் இருக்கும், ஏன்னா கைகாலுக்குப் போற ரத்தக்குழாயை மூளை இறுக்கிப் பிடிச்சு சூட்டை நடுவுலயே வெச்சுக்குது. கொஞ்சம் குளுந்தாலும் உடனே இன்னும் இறுக்கும், அதுவும் பத்தலைன்னா நடுக்கத்தைக் கொடுக்கும். முழுசா முழிச்சிருக்கற மனுசனுக்கு இந்தக் காவல் அரை டிகிரி கூட விட்டுக் கொடுக்காது. மயக்க மருந்து போனவுடனே அந்தக் காவல் தளர்ந்துருது, ரெண்டுல இருந்து நாலு டிகிரி வரைக்கும் சூடு எறங்கினாத்தான் மூளை முழிச்சுப் பாக்கும். அதோட ரத்தக்குழாயெல்லாம் விரிஞ்சு, நடுவுல இருந்த சூடு கைகாலுக்கு ஓடிருது. சமையக்கட்டுல அடுப்புச் சூட்டுல கதகதன்னு இருக்கறப்போ எல்லாக் கதவையும் ஒரே நேரத்துல தொறந்து விட்டா எப்படி இருக்கும், சூடு வீடு பூராப் பரவி சமையக்கட்டு ஆறிப்போகுமில்ல, அதேதான். மொத்தச் சூடு பெருசா வெளிய போகலை, ஆனா நடுப்பகுதி முதல் ஒரு மணி நேரத்துலயே ஒண்ணுல இருந்து ஒண்ணரை டிகிரி எறங்கிருது.

அதுக்கு அப்பறந்தான் நெசமான இழப்பு ஆரம்பிக்குது. மேல துணி இல்லாம ஏசி காத்துல படுத்திருக்கறது, தோல்ல தடவுற ஸ்பிரிட்டும் பெட்டாடினும் காயறப்போ சூட்டை எடுத்துக்கறது, வயித்தைத் தொறந்து வெச்சா அதுல இருந்து ஆவியாகறது, சில்லுனு ஏத்தற டிரிப்ஸ், எல்லாஞ் சேந்து அடுத்த ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மெதுவா எறங்கிட்டே போகும். மூணு நாலு மணி நேரத்துல ஒரு இடத்துல வந்து நிக்கும், ஆனா எந்த இடத்துல நிக்கும்ங்கறதுதான் விசயம். 36 டிகிரிக்குக் கீழ, அதாவது 96.8க்குக் கீழ போயிட்டா அதுக்குப் பேரு ஹைப்போதெர்மியா. மயக்கம் தெளியறப்போ மூளை முழிச்சுப் பாத்து, 'அய்யோ இவ்வளவு எறங்கிருச்சே'ன்னு மொத்தமா நடுக்கத்தைக் கிளப்பி விடும், நீங்க பாத்தது அதைத்தான்.

'சகஜம்'னு சொன்னாங்கன்னு எழுதியிருந்தீங்க. அடிக்கடி வர்றதுங்கற அர்த்தத்துல அது சரிதான், ஆனா அடிக்கடி வருதுங்கறதுக்காக விட்டுற முடியாதுங்க, எனக்கு இதுல கொஞ்சமும் சமாதானம் கிடையாது. நடுங்கறப்போ உடம்பு இழுக்கற ஆக்ஸிஜன் ரெண்டு மடங்குக்கும் மேல கூட போகும், இருதயம் பலமா இருக்கறவங்க தாங்கிக்குவாங்க, ஏற்கெனவே இருதய அடைப்பு உள்ளவங்க? அப்பறம் ரத்தம். குளுந்த உடம்புல ரத்தக் கசிவை அடைக்கற தட்டணுக்களும் சரியா வேலை செய்யாது, ரத்தத்தை உறைய வெக்கற என்சைம்களும் மந்தமாயிரும், கசிவு கூடும். இதுல ஒரு சிக்கல் என்னன்னா, ரத்தம் உறையற டெஸ்டுக்கு லேப்புக்கு அனுப்புனா அங்க மெஷின்ல 37 டிகிரிக்குச் சூடு பண்ணித்தான் பாப்பாங்க, அதனால ரிப்போர்ட் நார்மல்னு வரும், இங்க டேபிள்ல ரத்தம் கசிஞ்சுட்டே இருக்கும். மருந்துங்களும் உடம்பை விட்டு மெதுவாத்தான் போகும், தசையைத் தளர வெக்கற வெக்குரோனியம் மாதிரி மருந்து ரெண்டு டிகிரி குறைஞ்சா ரெண்டு மடங்கு நேரம் நிக்கும், அதனால தெளியறதும் லேட்டாகும்.

புண்ணு ஆறற கதையும் இதுல இருக்குது. 1996ல வந்த ஒரு ஆராய்ச்சி, பெருங்குடல் ஆபரேஷன் ஆன 200 பேரை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்தைச் சூடா வெச்சிருந்தாங்க (சராசரி 36.6), இன்னொண்ணை அப்போ வழக்கம் எப்படியோ அப்படியே விட்டாங்க (34.7). ரெண்டு டிகிரி வித்தியாசந்தான். புண்ணுல சீழ் பிடிச்சது சூடா இருந்தவங்கள்ல 6 சதவீதம், குளுந்தவங்கள்ல 19 சதவீதம். சீழ் பிடிக்காதவங்களையும் சேத்தே பாத்தாலும் குளுந்த கூட்டம் ஆஸ்பத்திரில ரெண்டரை நாளுக்கு மேல கூடுதலாப் படுத்திருந்தாங்க. குளுந்தா தோலுக்குப் போற ரத்தம் சுருங்கிரும், ரத்தம் போகலைன்னா ஆக்ஸிஜன் போகாது, ஆக்ஸிஜன் இல்லாம வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ல முடியாது. அடுத்த வருசமே, 1997ல, இருதய ரிஸ்க் உள்ள 300 பேரை வெச்சுப் பாத்ததுல, ஆபரேஷனை ஒட்டி இருதயப் பிரச்சினை வந்தது சூடா இருந்தவங்களுக்கு 1.4 சதவீதம், மத்தவங்களுக்கு 6.3 சதவீதம். ஒரு போர்வையும் ஒரு சூடுகாத்து மெஷினும் பண்ற வேலையைப் பாருங்க.

உங்கம்மா இப்ப நல்லா இருக்காங்கன்னு கடைசில எழுதியிருந்தீங்க, சந்தோசம். பயப்பட ஒண்ணும் இல்லை. இனி எப்பவாவது இன்னொரு ஆபரேஷன் வந்தா, 'போன தடவை தெளியறப்போ நெம்ப நடுங்குனாங்க'ன்னு மயக்க மருந்து டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லீருங்க.

எங்கப்பாருக்கு 72 வயசு, ஒல்லி உடம்பு, தைராய்டு மாத்திரை சாப்புடறாரு. அடுத்த மாசம் ஹெர்னியா ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்காங்க. குளுராம இருக்க நாங்க வீட்டு ஆளுங்க என்ன பண்ணலாம், ஆஸ்பத்திரில என்ன கேக்கலாம்? கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?
— வாசகர், மீனாட்சிபுரம்

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேனுங்க. நீங்க சொன்ன மூணுமே, வயசு, ஒல்லி, தைராய்டு, சீக்கிரம் குளுந்து போறவங்களோட அடையாளம். வயசானவங்களுக்கு ரத்தக்குழாயை இறுக்கற சக்தியும் நடுங்கற சக்தியும் கம்மி, ஒல்லியா இருந்தா சூட்டைப் பிடிச்சு வெக்கக் கொழுப்பு இல்லை, தைராய்டு கம்மியா இருந்தா சூடு உண்டாகறதே கம்மி. அதனால முதல் வேலை, தைராய்டு டெஸ்டு சமீபத்துல எடுத்ததா பாருங்க, ஆபரேஷன் அன்னைக்குக் காலைல மாத்திரை போடணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்குங்க, பெரும்பாலும் ஒரு வாய் தண்ணில போடச் சொல்லுவாங்க.

நம்மூர்ல ஒரு பழக்கம் இருக்குது, ஆபரேஷன்னா விடிகாலைல நாலு மணிக்கே எழுப்பி, தலைக்குப் பச்சத்தண்ணி ஊத்தி, சாமி கும்புட வெச்சு, ஈரத் தலையோட காருல ஏத்தி கூட்டிட்டுப் போறது. குளிக்கறது நெம்ப முக்கியம், அதுல மாத்துக் கருத்தே இல்லை, ஆனா முந்தின நாள் சாயங்காலமோ காலைலயோ வெதுவெதுப்பான தண்ணில குளிச்சு, தலையை நல்லாத் தோத்தி காய வெச்சுருங்க. வயித்துல ஒண்ணும் இல்லாம, ஈரத் தலையோட, பின்னாடி கயிறு கட்டுன மெல்லிசு கவுனைப் போட்டுட்டு வராண்டாவுல ஃபேனுக்கு அடியில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாருன்னா, மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடியே கைகாலெல்லாம் குளுந்து போயிருக்கும், அப்பறம் தியேட்டர்ல என்ன சூடு கொடுத்தாலும் ஈடுகட்டறது கஷ்டம்.

வீட்டுல இருந்து நல்ல கனமான போர்வை ரெண்டு, காலுக்கு சாக்ஸ், ஒரு ஸ்வெட்டர், தலைக்கு மஃப்ளர் கொண்டு போங்க. இங்கிலாந்துல நைஸ்னு ஒரு அரசு அமைப்பு இதுக்குன்னே 2008ல ஒரு வழிகாட்டி போட்டு 2016ல திருத்தியிருக்காங்க, அதுலயே 'ஆஸ்பத்திரி உங்க வீட்டை விடக் குளுரா இருக்கலாம், சூடான துணி கொண்டு வாங்க, குளுருனா சொல்லுங்க'ன்னு நோயாளிகிட்ட சொல்லச் சொல்லியிருக்குது. இன்னொண்ணும் சொல்றாங்க, நடக்க முடிஞ்சவங்களை தியேட்டருக்கு நடத்தியே கூட்டிட்டுப் போகலாம்னு, நடந்தா உடம்பு சூடாகுமே.

ஆஸ்பத்திரில என்ன கேக்கறதுன்னா, தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை டெம்பரேச்சர் பாத்தாங்களான்னு கேளுங்க. பிபி பாப்பாங்க, சுகர் பாப்பாங்க, இதை மட்டும் விட்டுருவாங்க. கிளம்பறதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள்ள பாக்கணும், 36க்குக் கீழ இருந்தா அவசர ஆபரேஷனா இல்லாத பட்சத்துல சூடு ஏத்திட்டுத்தான் மயக்க மருந்தே கொடுக்கணும்ங்கறது அந்த வழிகாட்டி. அப்பறம் மயக்க மருந்து டாக்டர் வந்து பேசறப்போ, 'சார், அப்பாருக்குக் குளுரு தாங்காது, தியேட்டர்ல வார்மர் இருக்குதுங்களா, டிரிப்ஸ் சூடு பண்ணிப் போடுவீங்களா'ன்னு பணிவா ஒரு வார்த்தை. இதுல கோவிச்சுக்க என்ன இருக்குது? நானும் அந்த நாற்காலில உக்காந்திருக்கறவதான், இப்படி ஒருத்தர் கேட்டா எனக்கு சந்தோசந்தான் வரும், இந்த வீட்டுக்காரங்க கவனமா இருக்காங்கன்னு.

வார்மர்னா என்னன்னா, பேப்பர் மாதிரி ஒரு மெத்துனு போர்வை, ஒரு குழாய் வழியா மெஷின் அதுக்குள்ள சூடுகாத்தை ஊதும். மயக்கம் அரை மணி நேரத்துக்கு மேல போகும்னா இதைப் போட்டுறணும். மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடியே பத்து நிமிசமாவது போட்டு கைகாலைச் சூடு பண்ணி வெச்சுட்டா இன்னும் நல்லது, ஏன்னா நடுவுல இருக்கற சூடு ஓடறதுக்கு இடம் இருக்காது. மயக்கம் கொடுத்து எறங்குனதுக்கு அப்பறம் ஏத்தறது நெம்பச் சிரமம், முன்னாடி பத்து நிமிசம் பண்றது அப்பறம் ஒரு மணி நேரம் பண்றதுக்குச் சமானம்னுகூட நான் சொல்லுவேன். டிரிப்ஸ் அரை லிட்டருக்கு மேல போகும்னா 37 டிகிரிக்குச் சூடு பண்ணித்தான் போடணும். ரூம் சூட்டுல இருக்கற ஒரு லிட்டர் டிரிப்ஸ் பெரியவங்க உடம்பை கால் டிகிரி எறக்கும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த ஒரு பாட்டில் ரத்தமும் அதே கால் டிகிரி. நாலு பாட்டில் போனா கணக்கு போட்டுக்குங்க.

என் சம்சாரத்துக்கு சிசேரியன். முழு மயக்கம் இல்லை, முதுகுல ஊசி மட்டுந்தான், முழிச்சுட்டுத்தான் இருந்தா. ஆனாலும் கையும் தாடையும் அப்படி நடுங்குச்சாம். காலு சூடாத்தான் இருந்துச்சுங்கறா. இது எப்படி?
— வாசகர், வேலந்தாவளம்

முதுகு ஊசி இடுப்புக்குக் கீழ ரத்தக்குழாயை விரிச்சு விட்டுரும், அதனால நடுவுல இருக்கற சூடெல்லாம் காலுக்கு எறங்கி, காலு கதகதன்னு இருக்கும். மூளை அதைப் பாத்து 'சூடாத்தான் இருக்கேன்'னு ஏமாந்து போகும், நடுப்பகுதி எறங்கறது உறைக்காது. மரத்துப் போன பகுதியால நடுங்க முடியாது, அதனால மரத்துப் போகாத கை, தோள், தாடை மட்டும் மொத்த நடுக்கத்தையும் பண்ணுது. முழு மயக்கத்துக்குத்தான் சூடு எறங்கும், முதுகு ஊசிக்கு எறங்காதுன்னு ஆஸ்பத்திரி ஆளுங்கள்லயே சில பேரு நெனச்சுட்டு இருக்காங்க, அது சரியில்லை. முதுகு ஊசி போட்டவங்களுக்கும் டெம்பரேச்சர் பாக்கணும், போர்த்தி விடணும். நடுக்கம் நெம்ப இருந்தா சூடு கொடுத்துட்டே பெத்திடின், ட்ரமடால் மாதிரி மருந்தைக் கொஞ்சமாப் போட்டு நிறுத்துவாங்க. ஆனா மருந்து போட்டு நடுக்கத்தை மட்டும் நிறுத்திட்டு சூடு கொடுக்காம விட்டா பாதி வேலைதான் முடிஞ்சிருக்குது.

அடுத்த பிரசவத்துல, தாய்க்கும் குழந்தைக்கும் பிரச்சினை இல்லாத பட்சத்துல, குழந்தையை அம்மா நெஞ்சு மேல தோலோட தோலாப் போட்டு மேல சூடான துணியைப் போர்த்தச் சொல்லுங்க, ரெண்டு பேருக்குமே நல்லது.

மாமியாருக்கு காலு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. குளுருதுன்னு சொன்னாங்கன்னு வெந்நீர்ப் பையை காலுக்கடியில வெச்சேன். சிஸ்டர் வந்து எல்லாரு முன்னாடியும் திட்டிட்டாங்க. நல்லதுக்குத்தானே பண்ணுனேன்?
— வாசகி, கோவிந்தாபுரம்

சிஸ்டர் திட்டுனது சரிதான் கண்ணு, மனசுல வெச்சுக்காதீங்க. முதுகு ஊசி போட்ட காலுல உணர்ச்சி இருக்காது, கொப்புளம் வந்தாலும் அவங்களுக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டாங்க. நமக்குக் கையில தாங்கற சூடுதானேன்னு தோணும், ஆனா ஒரே இடத்துல அசையாம அழுத்தி வெச்சிருந்தா அந்தச் சூடே தோலை வேக வெச்சுரும், அதுலயும் குளுந்து ரத்தம் கம்மியா ஓடற தோலு சீக்கிரம் புண்ணாகும். வெந்நீர்ப் பை, வெந்நீர் நிரப்புன பாட்டில், கிளவுஸ்ல வெந்நீர் புடிச்சு வெக்கறது, செங்கல்லை சூடு பண்ணித் துணில சுத்தி வெக்கறது, எதுவுமே வேண்டாம். சுக்குக் காப்பியும் சிஸ்டர் 'குடிக்கலாம்'னு சொல்றவரைக்கும் வேண்டாம், முழுங்கற சக்தி திரும்பாம இருந்தா புரையேறிரும்.

பண்ண வேண்டியது சாதாரணம். கட்டிலுக்கு மேல சுத்தற ஃபேனை நிறுத்துங்க, ஈரமான கவுனோ பெட்ஷீட்டோ இருந்தா மாத்தச் சொல்லுங்க, தலை உட்பட நல்லாப் போர்த்துங்க, முகத்தை மட்டும் மூடாதீங்க. அப்பறம் சிஸ்டரைக் கூப்புட்டு டெம்பரேச்சர் பாக்கச் சொல்லுங்க.

நான் நர்சிங் மூணாவது வருசம். ரெண்டு கேள்வி மேம். தியேட்டர்ல ஏசியை எதுக்கு அவ்வளவு குறைச்சு வெக்கறாங்க? அப்பறம் 2022ல வந்த ஆராய்ச்சில 35.5 இருந்தாலே போதும், 37 வரைக்கும் ஏத்தத் தேவையில்லைன்னு வந்துருச்சுன்னு எங்க சீனியர் சொல்றாங்க. அப்ப வார்மரே வேண்டாமா?
— மாணவி, சித்தூர், பாலக்காடு

முதல் கேள்வி சுலபம். சர்ஜன் தலையில இருந்து முட்டி வரைக்கும் கவுன், ரெண்டு கிளவுஸ், மாஸ்க், எலும்பு ஆபரேஷன்னா உள்ள ஈய ஏப்ரனும், மேல லைட்டு வேற. அவருக்கு வேர்த்து ஒரு சொட்டு புண்ணுல விழுந்தா வம்பு, வேர்வையில கவனமும் சிதறும். அது நியாயமான காரணந்தான், ஆனா அதுக்காக 16லயும் 17லயும் வெக்கணும்னு எங்கயும் சொல்லலை. ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று கொடுக்கற என்ஏபிஎச் சொல்றது 21 டிகிரி, அதுல மூணு கூடக் குறைய. நோயாளி துணியில்லாம இருக்கற நேரத்துல, ஊசி போட்டு, கழுவி, ஸ்பிரிட் தடவி, பச்சைத் துணி போர்த்தி முடிக்கற வரைக்கும், 21க்குக் கீழ போகக்கூடாதுங்கறாங்க இங்கிலாந்துக்காரங்க. வார்மர் ஓட ஆரம்பிச்சதுக்கு அப்பறம் சர்ஜன் சௌகரியத்துக்கு எறக்கிக்கலாம். கால் மணி நேர விசயம் இது, ரிமோட்டை எடுக்க ஒரு ஆள் நெனச்சாப் போதும், அந்த ஆள் நீங்களா இருங்க.

ரெண்டாவது கேள்வி நல்ல கேள்வி, உங்க சீனியர் சொன்னது பாதி சரி. புரொடெக்ட்னு பேரு அந்த ஆராய்ச்சிக்கு, சீனாவுல 12 ஆஸ்பத்திரியும் அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் கிளினிக்கும் சேந்து பண்ணுனது, 5056 பேரு. எல்லாரும் 45 வயசுக்கு மேல, இருதய ரிஸ்க் உள்ளவங்க, ரெண்டுல இருந்து ஆறு மணி நேர ஆபரேஷன். ஒரு கூட்டத்தை 37ல வெச்சாங்க, இன்னொண்ணை 35.5ல. இருதயப் பாதிப்புல வித்தியாசமே இல்லை, ரெண்டுலயும் பத்து சதவீதத்தை ஒட்டித்தான், புண்ணு சீழ் பிடிக்கறதுலயும் வித்தியாசம் தெரியலை. 1996, 1997ல பாத்த அந்தப் பெரிய வித்தியாசம் இதுல வரலை. அதனால 36.4 இருக்கறவங்களை 37 ஆக்கியே தீரணும்னு பாடுபட வேண்டியதில்லைங்கறது இப்ப தெளிவாயிருச்சு, இதை நான் முழு மனசோட ஒத்துக்கறேன்.

ஆனா கவனிச்சீங்களா, 35.5 கூட்டத்தை அவங்க சும்மா விடலை. மணிக்கு மணி டெம்பரேச்சர் பாத்து, அதுக்குக் கீழ போகாம பிடிச்சு வெச்சாங்க. 1996ல குளுந்த கூட்டம் 34.7, அது வேற இடம். நம்ம தியேட்டர்கள்ல நிறைய இடத்துல டெம்பரேச்சரே பாக்கறதில்லை, பாக்காம விட்டா அது 35.5ல நிக்குமா 34.5ல நிக்குமான்னு யாருக்குத் தெரியும்? உங்க சீனியர் இதை வெச்சு 'வார்மர் வேண்டாம்'னு சொன்னா, 'அக்கா, அதுல டெம்பரேச்சர் பாத்தாங்களே, நம்ம பாக்கறமா'ன்னு கேளுங்க. முதல்ல அளக்கணும், மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஆபரேஷன்ல அரை மணிக்கு ஒரு தடவை, ரெக்கவரில கால் மணிக்கு ஒரு தடவை, 36 வந்தாத்தான் வார்டுக்கு. நெத்தில காட்டுற துப்பாக்கி தெர்மாமீட்டரை இதுக்கு நம்பாதீங்க, அது தோலோட சூட்டைத்தான் காட்டும், குளுந்த ஆளுகிட்ட நெம்பவே தப்பும். முழு மயக்கத்துல இருக்கறவங்களுக்கு உணவுக்குழாய்லயோ மூக்கு வழியாவோ போடற புரோப் இருக்குது, முழிச்சிருக்கறவங்களுக்கு நாக்குக்கடியில.

நீங்க படிக்கற புள்ளைங்கறதால இன்னொண்ணு. வார்மர் போர்வை தீந்துபோச்சுன்னா குழாயை மட்டும் பெட்ஷீட்டுக்குள்ள சொருகி விடற பழக்கம் சில இடத்துல இருக்குது. பண்ணாதீங்க, யார் சொன்னாலும் பண்ணாதீங்க, சூடுகாத்து ஒரே இடத்துல அடிச்சு தோலு வெந்துரும். அதே மாதிரி டிரிப்ஸ் பாட்டிலை வெந்நீர்ல முக்கறது, மைக்ரோவேவ்ல வெக்கறது ரெண்டுமே ஆபத்து, எவ்வளவு சூடுன்னு கணக்கே இருக்காது.

இருதய ஆபரேஷன்ல வேணும்னே உடம்பைக் குளுர வெப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். அப்ப அது மட்டும் எப்படி நல்லது?
— வாசகர், வாளையார்

நெசந்தானுங்க. உடம்பு ஒவ்வொரு டிகிரி குளுரக் குளுர ஆக்ஸிஜன் தேவை ஆறேழு சதவீதம் குறையும், அதனால ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் குறைச்சாலோ நிறுத்துனாலோ மூளை தாங்கும். 1950ல கனடாவுல பிகலோங்கற சர்ஜன் நாய்ங்கள வெச்சுக் காட்டுனாரு, 1952 செப்டம்பர் 2ஆம் தேதி அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல லூயிஸ்ங்கற சர்ஜன் அஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தியை 28 டிகிரி வரைக்கும் குளுர வெச்சு, இருதயத்துல இருந்த ஓட்டையைத் தெச்சாரு. இப்ப இருதயம், நுரையீரல் வேலையைத் தானே பண்ற ஹார்ட் லங் மெஷின் இருக்கறதால தேவைக்குத் தகுந்தாப்புல குளுர வெச்சு, முடிக்கறப்போ அதே மெஷின்லயே மெதுவாச் சூடேத்தித்தான் இறக்குவாங்க. அங்க மெஷின் இருக்குது, நிமிசத்துக்கு நிமிசம் அளக்க ஆள் இருக்குது, திட்டம் இருக்குது. யாரும் பாக்காம தானா எறங்கற குளுரோட அதைச் சேத்துப் பேச முடியாது.

பித்தப்பை ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்து அஞ்சு நாளாச்சு. கக்கத்துல வெச்சா 97 காட்டுது. இது குறைவா? ராத்திரில லேசாக் குளுருதுங்கறாரு, அதே ஆபரேஷன் குளுரு இன்னும் போகலையா?
— வாசகி, எருத்தேம்பதி

கக்கத்துல எப்பவுமே உள் சூட்டை விட அரை டிகிரி, ஒரு டிகிரி கம்மியாத்தான் காட்டும், 97ன்னா பயமில்லை. தியேட்டர்ல எறங்குன சூடு சில மணி நேரத்துலயே திரும்பிரும், அஞ்சு நாளெல்லாம் நிக்காது. அதனால அஞ்சாவது நாள் வர்ற குளுரை அந்தக் கணக்குல எழுதாதீங்க. இன்னைக்கு ராத்திரியும் குளுருதுன்னா அந்த நேரத்துலயே நாக்குக்கடியில வெச்சுப் பாருங்க. 100.4க்கு மேல போச்சுன்னாலோ, வெடவெடன்னு உதறுச்சுன்னாலோ, கண்ணு மஞ்சளா இருந்தாலோ, தையலைச் சுத்திச் செவந்து தண்ணி கசிஞ்சாலோ, வயித்து வலி கூடுச்சுன்னாலோ விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம், உள்ள இன்ஃபெக்ஷன் இருக்கலாம். ஆபரேஷன் பண்ணுன ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க, டிஸ்சார்ஜ் சீட்டையும் போட்டுட்டு இருக்கற மாத்திரையையும் கையோட எடுத்துக்குங்க.